டிசம்பர்: தண்ணி, சிமெண்டு, நடுவுல கொஞ்சம் செஸ்

டிசம்பர் மாசத்தை எங்க ஆபீஸ்ல தேதியைப் பிடிச்சுக்கிட்டுதான் தாண்டுவோம். 7 டிடிஎஸ் (பிடிச்ச வரியைக் கட்டணும்), 11 ஜிஎஸ்டிஆர்-1 (வித்த கணக்கு), 14-ஆம் தேதி 2பி (சப்ளையர் போட்ட பில்லுங்க பட்டியல்) வரும், 15 அட்வான்ஸ் டாக்ஸ், 20 3பி (மாசக் கணக்கு, வரி), 31 வருஷாந்திர ரிட்டர்ன். கார்த்திகை தீபம், மார்கழிக் கோலம், பிள்ளைங்க பரீட்சை, அத்தையோட கண்ணு டாக்டர் எல்லாம் இதுக்கு நடுவுல கிடைச்ச சந்துல வந்து உக்காந்துக்கணும். நான் ஆடிட்டர் இல்ல, ஜிஎஸ்டி பிராக்டிஷனர், அதாவது வியாபாரிங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கிறவ, ஆனா விழுப்புரத்துல கணக்கு எழுதற யாரா இருந்தாலும் ஆடிட்டர்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் போர்டுல மட்டும் சரியா எழுதி வச்சுட்டு மீதியை விட்டுட்டேன்.

2024 டிசம்பர் இந்த அட்டவணைக்கெல்லாம் காத்திருக்கல, முதல் தேதியே தண்ணியோடதான் வந்துச்சு.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. கடந்துச்சுன்னு டிவில சொன்னாங்களே தவிர அது எங்கயும் போகல, கரையேறி அங்கயே மணிக்கணக்கா நின்னுக்கிச்சு. அதனால காத்தை விட மழைதான். மயிலத்துல 24 மணி நேரத்துல 50 சென்டிமீட்டருக்குப் பக்கம், புதுச்சேரியிலயும் கிட்டத்தட்ட அதே அளவு. சரி ஓஞ்சுதுன்னு பாத்தா அது மேற்கால நகர்ந்து திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கம் கொட்டுச்சு, அந்தத் தண்ணியெல்லாம் எங்க வரும், தென்பெண்ணையிலதான் வரும். 2-ஆம் தேதி விடியக்காலைல சாத்தனூர் அணையில 1,68,000 கன அடி திறந்து விட்டாங்க. அரசூர்ல சென்னை திருச்சி ரோடு நின்னு போச்சு. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்துல தண்ணி அபாய அளவைத் தாண்டிடுச்சுன்னு ரயிலும் இல்ல. புது பஸ் ஸ்டாண்டு வழக்கம் போல ஏரியாயிடுச்சு, அது ஏரியில கட்டினதுதானே, அதைக் குத்தம் சொல்லி என்ன.

எங்க மாமனார் சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவரு. 80-கள்ல இந்த வீட்டைக் கட்டும்போது ரோட்டுல இருந்து மூணடி உசரத்துக்குப் பேஸ்மட்டம் போட்டிருக்காரு. அப்ப அக்கம்பக்கத்துல எல்லாரும் என்ன சார் கோயில் மாதிரி படி ஏறணுமான்னு கிண்டல் பண்ணாங்களாம். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டாம மேலயே போட்டு மேலயே போட்டு, இப்ப வாசல்ல ஒரே ஒரு படிதான் பாக்கி. ஞாயித்துக்கிழமை காலைல ஹால்ல கணுக்கால் தண்ணியில நின்னுக்கிட்டு அவரு கவலைப்பட்டதே வேற, "என் லெவல் தப்பாவலம்மா, ரோடுதான் ஏறி வந்துடுச்சு" அப்படின்றாரு. நான் அரிசி டின்னைத் தூக்கிப் பரண்ல வைக்க ஆள் தேடிட்டு இருக்கேன்.

வெளிய எங்க பாத்தாலும் தண்ணி, வீட்டுக்குள்ள குடிக்கத் தண்ணி இல்ல. வெள்ளத்துல மாட்டினவங்களுக்குத் தெரியும் இது. தெருத்தண்ணி சம்ப்புக்குள்ள போயிடுச்சு, அதுல சாக்கடை கலந்திருக்கு, மோட்டார் முழுகிக் காயில் போயிடுச்சு, கரண்ட் இருந்தாத்தானே மோட்டாரைப் பத்திப் பேசவே முடியும். மாடி டேங்க்ல இருந்ததை வச்சு மூணு வேளை சமையல், அதுக்கு மேல கேன் தண்ணி. கேன் போடற தம்பி வண்டி தெருவுக்குள்ள வராது, மெயின் ரோட்டுல நின்னுதான் குடுத்தாரு. எங்க வீட்டுக்காரரும் பெரியவனும் போய் ஆளுக்கொண்ணு தோள்ல வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. அத்தை அந்தத் தண்ணியில வாய் கொப்பளிக்கக் கூட யாரையும் விடல. பாப்பா பல்லு தேய்ச்சுட்டு எவ்வளவு ஊத்துதுன்னு பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருப்பாங்க.

இந்த சமயத்துலதான் அசோகமித்திரனோட 'தண்ணீர்' மறுபடி கையில எடுத்தேன். அதுல இருக்கிறது நேர் எதிரான மெட்ராஸ், மழையே இல்லாத ஊர், குடத்தைத் தூக்கிட்டு அலையற தெரு. ஆனா வெள்ளத்துல உக்காந்து படிச்சப்ப ஒண்ணும் எதிரா தெரியல. குழாய் போடறேன்னு தெருவைத் தோண்டிப் போடறது, வர்ற தண்ணி நாத்தம் அடிக்கிறது, ஒரு வீட்டுல கைப்பம்பு இருந்தா அந்த வீட்டம்மாவுக்கு வர்ற ஒரு நிமிர்வு, எல்லாம் எங்க தெருவுலயும் அந்த வாரம் நடந்துச்சு. எதிர் வீட்டுல போர் போட்டுக் கைப்பம்பு வச்சிருக்காங்க, இத்தனை வருஷமா அதைத் துருப்பிடிச்சு ஒரு மூலைல விட்டிருந்தாங்க, அன்னிக்கு அது முன்னாடி எங்க தெருவே க்யூ. பம்பு அடிக்கத் தெரியாத பிள்ளைங்களுக்கு அந்தப் பாட்டி வகுப்பெடுத்தாங்க, முதல்ல மேல கொஞ்சம் தண்ணி ஊத்து, அப்புறம் வேகமா அடி, நடுவுல விடாதன்னு.

காலேஜ்ல படிச்சப்ப எனக்கு ஜமுனாதான் முக்கியமா தெரிஞ்சா. சினிமா ஆசை, அவளை ஏமாத்திட்டே இருக்கிற பாஸ்கர் ராவ், தங்கச்சி சாயாவோட சண்டை. இப்ப டீச்சரம்மாதான். சாகப் போன ஜமுனாகிட்ட அவங்க தன் கதையைச் சொல்ற இடத்துல ஆறுதல் வார்த்தைன்னு ஒண்ணு கூட கிடையாது. நோயாளிப் புருஷன், மாமியார், ஸ்கூல் வேலை, தண்ணி, இதான் என் வாழ்க்கைன்னு வச்சுட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுவாங்க. சின்னப் புத்தகம்தான், ஒரு ராத்திரிக்கு வரும், எனக்கு நாலஞ்சு நாள் ஆச்சு, டார்ச் வெளிச்சத்துல எவ்வளவு படிக்கிறது, அதுவும் பாட்டரி மிச்சம் பண்ணணும்னு பெரியவன் வந்து வந்து அணைப்பான்.

ஆபீஸ் முதல் மாடியில இருக்கிறதால எங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா 4-ஆம் தேதியில இருந்து கடைக்காரங்க வர ஆரம்பிச்சாங்க, ஆளாளுக்குக் கையில ஒரு பை, பையில இருந்து தண்ணி சொட்டுது. பில்லு! சட்டப்படி கணக்குப் புத்தகம், பில்லு எல்லாத்தையும் வருஷாந்திர ரிட்டர்னோட கடைசித் தேதியில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும், இவங்கெல்லாம் ஒழுங்கா அட்டைப்பெட்டியில போட்டுக் கடையோட அடித்தட்டுல வச்சிருந்தாங்க, அங்கதான் முதல்ல தண்ணி வந்துச்சு. ஒழுங்கில்லாம மேல எங்கயோ சொருகி வச்சவங்க பில்லு காஞ்சு கிடக்கு.

நனைஞ்ச பேப்பரைப் பிரிக்கிறது ஒரு தனி வேலை. கட்டா இருக்கும்போது இழுத்தா கிழியும். ஓரத்துல ஸ்கேலை விட்டு மெதுவா நெம்பி, ஒண்ணொண்ணா எடுத்து, நியூஸ் பேப்பர் மேல பரப்பி, ஃபேனைப் போட்டு, பறக்காம மேல சில்லறைக் காசு. டாட் மேட்ரிக்ஸ்ல அடிச்சது ஜம்முனு இருக்கு. பால்பாயிண்ட் பேனா தாங்கும். ஜெல் பேனாவுல எழுதினது பூரா நீலமா கரைஞ்சு பக்கத்துப் பில்லுக்கும் சாயம் ஏத்திடும். ஒரு மளிகைக்கடைத் தம்பி அயர்ன் பாக்ஸ் எடுத்துட்டு வந்துட்டான், தேய்ச்சா சீக்கிரம் காயும்னு. நல்லவேளை எங்க ஆபீஸ் பொண்ணு தடுத்துட்டா, தெர்மல் பேப்பர் பில்லுல சூடு பட்டா எழுத்து போறது மட்டும் இல்ல, முழுசும் கருப்பாயிடும். வாங்கினவங்களுக்கு ஒரு ஆறுதல், சப்ளையர் ரிட்டர்ன் போட்டிருந்தா அந்தப் பில்லு விவரம் போர்ட்டல்ல 2பி-யில இருக்கும், அதனால பேப்பர் போனாலும் வாங்கினதுக்கு ஒரு தடயம் மிச்சம். போர்ட்டலை என்னென்னவோ திட்டியிருக்கேன், அந்த வாரம் திட்டல.

11-ஆம் தேதிக்கு எல்லாம் தயார், ஆனா ஓடிபி வேணும். ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும்னா வியாபாரியோட நம்பருக்கு ஓடிபி வரும், அதை அவரு எங்களுக்குச் சொல்லணும். பாதிப் பேர் போன் தண்ணியில போயிடுச்சு. சில கிராமத்துல இன்னும் கரண்ட் விட்டு விட்டுதான் வருது, போன் சுவிட்ச் ஆஃப். எங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தர் வீட்டுக்கே ஸ்கூட்டில பவர் பேங்க்கோட போய், போனை சார்ஜ் ஏத்தி, ஓடிபி வாங்கி எனக்குச் சொல்லிட்டு, அவங்க குடுத்த காப்பியையும் குடிச்சுட்டு வந்தா.

மறுநாள் 12-ஆம் தேதி சாயங்காலம் நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துட்டேன். பெரியவன் ஒன்பதாவது படிக்கிறான், செஸ் பைத்தியம். சிங்கப்பூர்ல குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் உலக சாம்பியன்ஷிப் கடைசி கேம், பதினாலாவது. ஆளுக்கு ஆறரைப் பாயிண்ட். டிங் வெள்ளைக் காய். எனக்கு செஸ் அவ்வளவா வராது, குதிரை எப்படிப் போகும்னு தெரியும், அத்தோட சரி. ஆனா அந்த மாசம் முழுக்க இவன் சாப்பிடும்போது கூட தட்டுல இட்லியை நகத்தி நகத்தி ஆட்டத்தை விளக்கினதுல கொஞ்சம் புரிய ஆரம்பிச்சிருந்துச்சு. ஆட்டம் டிராதான்னு யூடியூப்ல பேசறவங்கல்லாம் சொல்லிட்டு இருக்காங்க. குகேஷ்கிட்ட ஒரு சிப்பாய் அதிகம், இருந்தாலும் டிங் சும்மா காத்துட்டு இருந்தாப் போதும். மாமா சேர்ல சாஞ்சு தூங்கிட்டாரு. அத்தை அகல் விளக்கையெல்லாம் கழுவித் துணியில கவுத்து வச்சிட்டு இருந்தாங்க, மறுநாள் தீபம்.

55-ஆவது மூவ்ல டிங் ரூக்கை, அதான் யானையை, எஃப்2 கட்டத்துக்குக் கொண்டு வந்தாரு. இவன் ஒரு கத்து கத்தினான் பாருங்க, மாமா எழுந்து என்னாச்சு தண்ணி வந்துடுச்சான்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியல, போர்டு முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கு. இவன்தான் விரலை வச்சுக் காட்டினான், இப்ப குகேஷ் ரூக்கை ரூக்கால வெட்டிடுவான், அப்புறம் பிஷப்பை, அதான் மந்திரியை, கொண்டு வந்து இடிப்பான், டிங்கோட பிஷப் மூலைல மாட்டியிருக்கும்மா, தப்பிக்க இடமே இல்ல, பிஷப்பும் போயிட்டா வெறும் ராஜாவும் சிப்பாயும்தான், சிப்பாய் அதிகமா இருக்கிறவன் ஜெயிப்பான். குகேஷும் முதல்ல கவனிக்கல, பதிலுக்கு ஆடப் போறாரு, அப்புறம்தான் கண்ணுல படுது, நிமிர்ந்து உக்காந்து தண்ணி குடிக்கிறாரு. மூணே மூவ். டிங் கையைக் குடுத்துட்டாரு. 18 வயசுல உலக சாம்பியன், காஸ்பரோவ் ஆனது 22 வயசுல.

அழுதுகிட்டே குகேஷ் காயெல்லாத்தையும் திருப்பி அதது இடத்துல அடுக்கி வச்சாரு, அதை எல்லாரும் பாத்திருப்பீங்க. எனக்கு டிங் ஞாபகமாவே இருந்துச்சு. அந்த மனுஷன் முன்னாடியே ஒரு வருஷமா சரியில்லாம இருந்து, யாரும் எதிர்பாக்காத அளவுக்கு ஆடி, கடைசி நாள் கடைசி மணி நேரத்துல ஒரு ரூக். பெரியவன்கிட்ட சொன்னேன். "அம்மா, ஜெயிச்சவனைப் பத்திப் பேசும்மா, நம்ம ஊரு ஆளு"ன்னான். அவன் சொல்றதும் நியாயம்தான்.

13-ஆம் தேதி தீபம் டிவியிலதான் பாத்தோம். அத்தை பொறந்த ஊரு திருவண்ணாமலை. 1-ஆம் தேதி அங்க மலைச்சரிவுல வீடு புதைஞ்சு ஏழு பேரு போயிட்டாங்க, அதுல பிள்ளைங்களும் உண்டு. அதனால அந்த வருஷம் பக்தர்களை மலை ஏற விடல. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தீபம் தெரிஞ்சதும் அத்தை வழக்கமா சத்தமா அரோகரா சொல்லுவாங்க, அன்னிக்கு அவங்க அந்தத் தெரு எங்க இருக்குன்னு மாமாவுக்கு வழி சொல்லிட்டு இருந்தாங்க, இப்படிப் போனா ஒரு பிள்ளையார் கோயில் வரும், அங்க இருந்து மேல ஏறினா, அப்படின்னு. அப்புறம் எழுந்து போய் மழைக்கு அணைஞ்ச விளக்கைத் திருப்பி ஏத்தினாங்க.

இந்த மாசத்தைப் பத்தி எழுதணும்னு உக்காந்ததே ஒரு சிமெண்டுக் கடை அண்ணனுக்காகத்தான், இப்பதான் அவருகிட்ட வந்து சேர்றேன்.

திண்டிவனம் ரோட்டுல அவருக்குக் கடை, கொஞ்சம் உள்ள தள்ளி கோடவுன். பெயர் வேணாம். அறுபது வயசு இருக்கும், கணக்குல ஒரு ரூபாய் இடிச்சாலும் தூங்க மாட்டாரு. சிமெண்டைத் தரையில அடுக்கக் கூடாது, ஈரம் ஏறும், அதனால பலகை போட்டு அரையடி உசரத்துலதான் அடுக்குவாரு. வந்தது ரெண்டடித் தண்ணி. கீழ் வரிசை மூட்டையெல்லாம் அப்படியே செட்டாகிக் கல்லு. தொட்டுப் பாத்தா மூட்டை மடிப்பு கூட கல்லுல பதிஞ்சிருக்கு, தைச்ச நூல் உட்பட. அதுக்கு மேல இருக்கிற வரிசை தண்ணி படல, ஆனா ஈரக்காத்துல உள்ள கட்டி கட்டியாயிடுச்சு. அதுக்கும் மேல இருக்கிறது நல்லா இருக்கு.

2பி வந்த பிறகு ஒரு நாள் வந்து உக்காந்தாரு. எவ்வளவு நஷ்டம்னு அவரே ஒரு பேப்பர்ல எழுதிட்டு வந்திருந்தாரு. நான்தான் சொல்லணும், வேற யாரு சொல்லுவா.

"அண்ணே, அழிஞ்சு போன சரக்குக்கு நீங்க எடுத்த ஐடிசியைத் திருப்பிக் கட்டணும்."

"எதை?"

"வாங்கும்போது கட்டின வரியைக் கழிச்சுக்கிட்டீங்கல்ல, அது."

"ஏம்மா, சரக்கும் போயி, வரியும் நானே கட்டணுமா?"

ஆமா. ஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்). தொலைஞ்சது, திருட்டுப் போனது, அழிஞ்சது, கணக்குல இருந்து தள்ளிவிட்டது, இனாமாக் குடுத்தது, சாம்பிளாக் குடுத்தது, எல்லாம் ஒரே வரியில வரும். தீ, வெள்ளம், புயல்னு ஒரு விலக்கும் அந்த வரியில கிடையாது. சட்டத்தோட யோசனை என்னன்னா, நீ வித்து வாங்குறவன்கிட்ட வரி வசூல் பண்ணுவேன்னுதான் முன்னாடி கட்டின வரியைக் கழிச்சுக்க விட்டோம், நீ விக்கலைன்னா சங்கிலி உன்கிட்டயே நின்னுடுச்சு, அப்ப கடைசியா வாங்கினவன் நீதான். அதாவது வெள்ளத்துல கல்லான சிமெண்டை அவரே வாங்கி அவரே வீடு கட்டிக்கிட்ட மாதிரிக் கணக்கு. அப்ப சிமெண்டுக்கு வரி 28 சதவீதம். மூட்டை 300 ரூபாய்க்கு வாங்கினதுன்னு வச்சா வரி மட்டும் 84 ரூபாய், நூறு மூட்டைக்கு 8,400. அரிசிக்கடைக்காரருக்கு இந்த அடி இவ்வளவு பலமா விழாது.

இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டேன். இருக்கு, பாங்க் லோனோட சேத்துப் போட்டது, பிரீமியம் வருஷா வருஷம் அக்கவுண்ட்ல இருந்து பிடிச்சுடறாங்க, பாலிசியை அவரு பிரிச்சே பாத்ததில்ல. போட்டோ அனுப்பச் சொல்லிப் பாத்தா, வெள்ளத்துக்குக் கவர் இருக்கு, ஆனா அதுல இருக்கிறது கடை விலாசம். கோடவுன் விலாசம் இல்ல. கடையில தண்ணியே வரல! இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு, எழுதி அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு. வியாபாரம் பண்றவங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணே ஒண்ணு, இன்னிக்கு ராத்திரியே உங்க பாலிசியை எடுத்து விலாசம் பாருங்க. கோடவுன் தனியா இருந்தா அது அதுல எழுதியிருக்கணும். கிளெய்ம் போடும்போது திருப்பிக் கட்டப் போற வரியையும் நஷ்டத்துல சேத்துக் கேளுங்க, நிறைய பேரு அதை விட்டுடறாங்க.

அப்புறம் நான் ஒரு வழி சொன்னேன். அழிஞ்சு போனதுக்குத்தான் வரி திருப்பணும். கெட்டுப் போனதை விலை குறைச்சு, பில்லு போட்டு, வரி வாங்கி வித்தீங்கன்னா அது விற்பனை, ஐடிசியைத் திருப்ப வேணாம். நடு வரிசையில கட்டி தட்டினது இருக்கே, அதைக் கழிவு விலைக்குத் தள்ளிடுங்க. கல்லானதுக்கு மட்டும் திருப்பிக் கட்டினாப் போதும்.

அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கேக்குறவன் இருக்காம்மா. நேத்தே ரெண்டு பேரு வந்துட்டான். சலிச்சுட்டு வேற மூட்டையில போட்டா அடையாளமே தெரியாது. அதை எவனாவது வாங்கி லிண்டலுக்குப் போடுவான். பூச்சுக்குப் போட்டாலே நாளைக்கு உதிரும். லோன் போட்டு வீடு கட்டுறவன் தலையில இதைக் கட்டச் சொல்றியா?"

நான் வீடு கட்டறதுக்குன்னு சொல்லலண்ணே, பில்லுலயே எழுதிக் குடுக்கலாம் கெட்ட சரக்குன்னு, அப்படின்னேன். "என் பில்லுல எழுதுவேன், அடுத்தவன் பில்லுல யாரு எழுதுவா"ன்னாரு. சட்டப்படி நான் சொன்னது சரி. இப்பவும் வேற யாராவது கேட்டா அதேதான் சொல்லுவேன், என் வேலை அது. ஆனா அவரு மொத்தத்தையும் அழிஞ்சதுன்னு எழுதச் சொல்லிட்டாரு. வெள்ளம் வந்தது 1-ஆம் தேதி, அதனால டிசம்பர் கணக்குலதான் வரும், ஜனவரி 20 வரைக்கும் டைம் இருக்குன்னு மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்த ஞாயித்துக்கிழமை 'வீடு' படம் போட்டதுக்கு அவருதான் காரணம்னு வச்சுக்கலாம். பாலு மகேந்திரா, 1988. நான் சின்னப் பிள்ளையில தூர்தர்ஷன்ல பாத்தது, மழை, செங்கல், அர்ச்சனா குடையோட நடக்கிறதுன்னு மூணு துண்டுதான் ஞாபகம். ஒரு ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு, இருக்கிற இடத்துல ஒரு பகுதியை வித்து, லோன் போட்டு, சொந்தமா ஒரு சின்ன வீடு கட்டப் பாக்குறா, அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, இளையராஜாவோட 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்துல இருந்து எடுத்த இசை மட்டும். அர்ச்சனாவுக்கு இதுக்குத் தேசிய விருது கிடைச்சது. படத்துக்காக நிஜமாவே ஒரு வீட்டைக் கட்டியிருக்காங்க, அஸ்திவாரத்துல இருந்து செவுரு எழும்பற வரைக்கும் கண்ணு முன்னாடி நடக்குது.

சினிமான்னா மாமா பத்து நிமிஷத்துல எழுந்து போயிடுவாரு. இதுல அசையவே இல்ல. அஸ்திவாரம் தோண்டற இடத்துல "கயிறு பிடிக்கிறது சரி, ஆனா அந்த மூலை மட்டம் இல்ல"ன்னு படத்துலயே குத்தம் கண்டுபிடிச்சாரு. காண்ட்ராக்டர் சிமெண்டைத் திருடி விக்கிறது தெரிய வர்ற இடம் வந்தப்ப எங்க வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பாத்தாரு, அவருக்கு அந்தக் கதையை முன்னாடியே சொல்லியிருந்தேன். சித்தாள் பொம்பளை வந்துதான் அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லுவா. சொல்லாம இருந்தா அவ வேலை நிலைக்கும், சொன்னா போகும், இருந்தும் சொல்லுவா.

தாத்தாவா வர்ற சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டின வீட்டைத் தனியா பாக்க வருவாரு. வெயில்ல பஸ் பிடிச்சு, வழி கேட்டு வந்து, செவுத்தைத் தடவி, ஒவ்வொரு ரூமா நுழைஞ்சு நுழைஞ்சு பாப்பாரு, கதவு கூட இல்லாத வீடு அது. திரும்பிப் போற வழியில போயிடுவாரு. அதுக்கப்புறம் கிளைமாக்ஸ்ல அதிகாரிங்க வந்து இந்த இடம் ஏற்கனவே குடிநீர் வாரியத்துக்கு எடுத்ததுன்னு சொல்லுவாங்க. பெரியவன் "அவ்வளவுதானா? அப்புறம் வீடு என்னாச்சு?"ன்னு ரொம்ப நேரம் சண்டை போட்டான். மாமா மட்டும் படத்தைப் பத்திப் பேசாம, அந்த சர்வே நம்பரை முதல்லயே பதிவேட்டுல பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், யாரும் பாக்கல, யாரும் பாக்கறதே இல்லன்னு புலம்பிட்டே போய்ப் படுத்தாரு.

அதுக்கு முன்னாடி 18-ஆம் தேதி ஒரே நாள்ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. பிரிஸ்பேன்ல அஷ்வின் ரிட்டயர் ஆயிட்டேன்னு சொல்லிட்டாரு, 537 டெஸ்ட் விக்கெட், அதுவும் சீரிஸ் நடுவுல. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல, யாராவது பேச வந்தா கும்ப்ளே கணக்கையும் இவரு கணக்கையும் எடுத்து வச்சுடுவாரு. அதே நாள்ல வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதிக்கு 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' புத்தகத்துக்காக சாகித்ய அகாடமி விருது. உடனே ஆர்டர் போட்டேன். சென்னைப் புத்தகக் கண்காட்சி 27-ஆம் தேதியே தொடங்கினாலும் எனக்கு 31 வரைக்கும் தலை தூக்க முடியாது, ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான்.

புத்தகம் வந்ததும் மாமா எடுத்துட்டாரு. எனக்கு அவரு குளிக்கப் போற நேரத்துல கிடைச்சதுதான். 1908 மார்ச் 12 வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில கடையடைப்பு, கலவரம், துப்பாக்கிச் சூடு, நாலு பேரு சாவு. ஸ்கூல்ல நாம படிச்சது கப்பலும் செக்கும்தான், அந்த ரெண்டுக்கும் நடுவுல தெருவுல இறங்கின ஜனங்க யாரு, அவங்களுக்கு அப்புறம் என்னாச்சுன்னு யாரு கேட்டோம்? இந்தப் புத்தகம் அவங்களைத் தேடித்தான் போகுது. மாமாவுக்கு அடிக்குறிப்பு மேலதான் ஆசை, எந்த ஆவணத்துல இருந்து எடுத்தாருன்னு பாத்துட்டே இருக்காரு, பென்சில்ல கோடு வேற. புதுப் புத்தகத்துல கோடு போடாதீங்க மாமான்னா, பென்சில்தானம்மா அழிச்சுக்கலாம்னு சொல்றாரு. இதுவரைக்கும் அழிச்சதில்ல.

கடைசி வாரம் முழுக்க ஜிஎஸ்டிஆர்-9, அதான் வருஷாந்திர ரிட்டர்ன். 2 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கிறவங்க கட்டாயம் போடணும், 5 கோடி தாண்டினா கணக்கு ஒத்துப் போகுதுன்னு காட்டுற 9சி-யும். போன வருஷக் கணக்கை இந்த வருஷக் கடைசியில தோண்டி எடுத்து, மாசா மாசம் சொன்னதும் புத்தகத்துல இருக்கிறதும் ஒத்துப் போகுதான்னு பாக்கற வேலை. சுவாரஸ்யமா எழுத அதுல ஒண்ணும் இல்ல. சாப்பாடு டிபன் பாக்ஸ்ல பாப்பாவே கொண்டு வந்து குடுத்தா, ஒரு நாள் பாக்ஸுக்குள்ள சாம்பாரோட ஒரு துண்டுச் சீட்டு, "அம்மா இன்னிக்காவது சீக்கிரம் வா, பாட்டி எனக்கு வத்தக்குழம்பு மட்டும்தான் செய்றாங்க."

31 ராத்திரி கடைசி ஃபைலை முடிச்சு அக்னாலெட்ஜ்மென்ட் எடுக்கும்போது ஒன்பது மணி தாண்டிடுச்சு. அந்த நேரத்துல சிமெண்டுக் கடை அண்ணன் போன். ஹேப்பி நியூ இயர்லாம் சொல்லிட்டு, "அந்த 20-ஆம் தேதிக்கு மொத்தம் எவ்வளவுன்னு ஒரு சீட்டுல எழுதி வைம்மா, பொங்கல் வியாபாரத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வச்சுடறேன்" அப்படின்னாரு. இன்சூரன்ஸ்ல இருந்து இன்னும் பதில் வரலயாம், கோடவுன் விலாசம் போட்ட வாடகை அக்ரிமெண்ட் கேட்டிருக்காங்களாம். கல்லான மூட்டையெல்லாம் என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். கோடவுன் வாசல்ல மண்ணு அரிக்காம வரிசையா அடுக்கிட்டாராம், லோடுமேனுங்க அது மேல உக்காந்துதான் டீ குடிக்கிறாங்களாம். புதுச் சரக்கு ஒரு லோடு இறங்கிடுச்சு, பலகையை இப்ப ரெண்டரை அடிக்கு ஏத்திட்டாரு. அதுக்கு ஆன மரச் செலவுக்கு ஐடிசி எடுக்கலாமான்னு கேட்டாரு. எடுக்கலாம்ணே, பில்லு மட்டும் மேல் தட்டுல வைங்கன்னு சொன்னேன்.